கல்லறைப் புல்லும் நான் போய்வந்த பரலோகமும்

முதல் பக்கம் (எல்லாம் முடிந்த பிறகு எழுதியது)

நடந்தது அத்தனையும் நான் முன்பே சொன்னதுதான். குழாய் அடைபடும் என்றேன், அடைபட்டது. திறக்கும் என்றேன், திறந்தது. யாரிடம் சொன்னீர்கள் என்று என் அக்காள் மகள் ஹெப்சிபா கேட்கிறாள். மனதுக்குள் சொன்னேன். தீர்க்கதரிசனம் எல்லாம் முதலில் மனதுக்குள்தான் வரும். வெளியே வருவதற்குள் காரியம் நடந்துவிட்டால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

பிற்காலத்தில் இதைப் படிக்கப்போகும் பெரியவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. பெயர் மாசிலாமணி. மாசிலாமணி சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர். படிப்பு எட்டாம் வகுப்பு. அதற்கு மேல் சொல்லிக்கொடுக்க வாத்தியார்களிடம் சரக்கு இல்லை. ஒரு கிறிஸ்மஸுக்கு நான் கூம்பு ஸ்பீக்கரில் போட்ட பாட்டு இலங்கை வரை கேட்டு, அங்கிருந்து ஒருவர் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். ஆள் படகில் வந்து சேர்வதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

ஊர் கிருபைவிளை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் செம்மணல் மேடாகக் கிடக்கும் தேரி. எந்தக் கிணற்றில் இறைத்தாலும் உப்பு. தனபாலன் அண்ணாச்சி வீட்டுக் கிணறு ஒன்றுதான் சர்க்கரை. கதையே அதுதான்.

மே 4, ஞாயிறு

இன்று பிரசங்கம் ஐசுவரியவானும் லாசருவும். வயிறு முட்டத் தின்றே செத்துப்போன பணக்காரன் அந்தப் பக்கம் நெருப்பில் கிடந்துகொண்டு, தன் வாசலில் பட்டினி கிடந்த லாசருவின் விரல் நுனித் தண்ணீருக்குக் கெஞ்சின விஷயம். ஐயர் (எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்) வருடா வருடம் இதைப் பேசுவார். தனபாலன் அண்ணாச்சிக்காகத்தான் பேசுகிறார் என்பது ஊருக்கே தெரியும். அண்ணாச்சிக்கு மட்டும் தெரியாது. அவர் முதல் பெஞ்சில், தான் வாங்கிக்கொடுத்த ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அந்த ஃபேனின் மூன்று இறக்கைகளிலும் அவர் பெயர் எழுதியிருக்கிறது. சுற்றினால் படிக்க முடியாது என்பதால் ஆராதனை தொடங்குகிற வரைக்கும் யாரையும் போட விடமாட்டார்.

ஆராதனை முடிந்ததும் ஐயரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மைக் வயரைச் சுருட்டிக்கொண்டு நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஐயரே, இன்னைக்கு நல்லாப் போட்டியோ. அந்த மாதிரிப் பயலுவளுக்கு இது வேணும்."

"எந்த மாதிரி, அண்ணாச்சி?" ஐயர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"அதான், ஏழைய வாசல்லயே படுக்க விட்டாம்லா. எங்க வீட்டு வாசல்ல ஒருத்தன் படுத்துர முடியுமா? கேமரா வச்சிருக்கேன்."

ஐயர் முகத்தில் வெளிச்சம் அணைந்தது.

அண்ணாச்சி சென்னையில் பாத்திரக்கடை வைத்துப் பெருத்தவர். ஊருக்குத் திரும்பி வந்ததும் கல்லறைத் தோட்டத்தில் தனக்கென்று கறுப்புக் கல்லில் ஒரு கல்லறை கட்டிவிட்டார். ஆள் இன்னும் திடகாத்திரம். ஆனாலும் பெயர் வெட்டியாயிற்று, பிறந்த தேதி வெட்டியாயிற்று, இறந்த வருடத்துக்கு 'இருபது' என்று முன்பாதி எண்ணை மட்டும் வெட்டி மிச்சத்துக்கு இடம் விட்டிருக்கிறார். சுற்றிலும் ஊட்டியிலிருந்து கொண்டுவந்த புல். அந்தப் புல்லுக்கு இரண்டு வேளையும் தண்ணீர் வேண்டுமாம். அதற்காகத் தன் வீட்டு மதிலில் இருந்த குழாயை ஈஸ்டர் முடிந்த கையோடு அடைத்துவிட்டார். அவர் அப்பா சற்குணம் பெரியவர் ஊர்சனம் குடிக்கட்டும் என்று வைத்த குழாய்.

மே 6, செவ்வாய்

அண்ணாச்சி வீட்டுக்கு எதிர்வீடு லில்லிபுஷ்பம். புருஷன் செல்வின் தவறிப்போனபின் முன்னறையில் இட்லிக்கடை போட்டுப் பிழைக்கிறாள். உப்புத் தண்ணீரில் மாவாட்டினால் இட்லி ஒரு மாதிரி வாடை அடிக்கிறது. காப்பிப் பால் திரிந்துபோகிறது. இன்று கடையில் என்னையும் சேர்த்து மூன்று பேர்தான். என் இலையில் இட்லி வைத்தபடி சொன்னாள்:

"இந்த மாசம் முடியிறதுக்குள்ள தண்ணி வரலன்னா நான் கடைய மூடிருவேன் அண்ணாச்சி. திருப்பூர்ல எங்க அண்ணன் இருக்கான். பனியன் கம்பெனியில சமையலுக்கு ஆள் கேக்காங்களாம்."

"திருப்பூர் ரொம்பத் தூரம்" என்றேன்.

"தூரந்தான். தண்ணி நல்லாருக்காம்."

எனக்கு ஒன்றுமில்லை. ஊரில் இட்லி இல்லாமல் போகுமே என்கிற பொதுவான கவலைதான்.

மே 7, புதன்

உடற்பயிற்சி தொடங்கினேன். டாக்டர் காலையில் நடக்கச் சொல்லி வெகுநாளாயிற்று. நடப்பதைவிட மொபெட் வேகம் என்பதால் மொபெட்டில் அடுத்த ஊர் வயல் கிணறு வரை போய், சும்மா திரும்புவானேன் என்று இரண்டு குடம் நல்ல தண்ணீர் பிடித்துவந்தேன். வழியில் பாரம் தாங்கவில்லை. லில்லிபுஷ்பம் வாசலில் இறக்கிவைத்துவிட்டு வந்தேன்.

மே 8, வியாழன்

இன்றும் பாரம் தாங்கவில்லை.

மே 9, வெள்ளி

அதே.

ஹெப்சிபா கேட்கிறாள்: "மாமா, பாரம் தாங்கலன்னா நம்ம வீடு அவங்க வீட்டுக்கு முன்னாலயே வந்துருதே. இங்க இறக்கலாம்லா?" எம்.எஸ்ஸி. வரை படித்தும் அவளுக்குப் பூகோளம் வரவில்லை.

மே 12, திங்கள்

தனபாலன் அண்ணாச்சியிடம் நேரில் போய் ஒரு மணி நேரம் வாதாடினேன். வழக்கறிஞர்கள் கேட்டிருந்தால் குறிப்பெடுத்திருப்பார்கள். அண்ணாச்சி ஊஞ்சலில் இருந்தார்.

"அண்ணாச்சி, புல்லுக்கு ஒரு வேளை ஊத்தினா காணாதா?"

"ஒமக்குப் புல்லப் பத்தி என்னவே தெரியும்? ஊட்டிப் புல்லு அது. ஒரு வேளை தப்பிச்சுன்னா மஞ்சளாயிரும். நான் போயி வைக்கோல்லயா படுக்கணும்?"

"நீங்க கல்லுக்கு அடியிலல்லா படுக்கப் போறிய. புல்லு வெளிய கெடக்கும்."

அண்ணாச்சி ஊஞ்சலை நிறுத்தினார். இதை அவர் யோசித்ததில்லை போலிருக்கிறது. "பாக்க வாறவன் என்ன நினைப்பான்?" என்றார்.

"எதுத்த வீட்டுப் பிள்ள கடைய மூடிட்டுத் திருப்பூர் போறேங்கு."

"போகட்டும்வே. ஏழைகளுக்கு ஒண்ணும் செய்யாமயா போயிருவேன்? உயில்ல எழுதி வச்சிருக்கேன். நான் போன பெறகு வருசா வருசம் என் நினைவு நாளைக்கு ஊருக்கே அசனம். ஆட்டுக்கறி, கத்தரிக்காக் கூட்டு, பாயாசம். மொத்த ஊரும் ஒண்ணா உக்காந்து திங்கணும். அவளும் வந்து திங்கட்டும்."

"அத இப்பமே ஒண்ணு போடலாம்லா?"

"நான் உசுரோட இருக்கும்போது போட்டா யாரு நினைவா போடுதது?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொன்னால் அவர் மனது புண்படும் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்தபின்னும் அந்தப் பதில் இன்னும் ஞாபகத்துக்கு வரவில்லை.

மே 14, புதன்

அண்ணாச்சி தன் கல்லறையைப் பிரதிஷ்டை பண்ணித் தரும்படி ஐயரிடம் கேட்டிருக்கிறார். உள்ளே ஆள் இல்லாத கல்லறைக்கு எந்தப் புத்தகத்திலும் ஜெபம் கிடையாது என்று ஐயர் சொல்லிவிட்டார். கடைசியில் சனிக்கிழமை ஒரு சின்ன ஸ்தோத்திர ஜெபம் மட்டும் என்று முடிவாகியிருக்கிறது. மைக், சீரியல் லைட் என் பொறுப்பு. இறந்த வருடம் எழுதப்போகிற இடத்தைச் சுற்றி லைட் ஓடவேண்டுமாம்.

மே 16, வெள்ளி

மொபெட் படுத்துவிட்டது. உடற்பயிற்சி நிறுத்தம்.

லில்லிபுஷ்பம் பெரிய அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து, திருப்பூருக்குக் கட்டுகிற சாமானோடு வைத்திருக்கிறாள்.

மே 17, சனி

இன்று மரித்தேன்.

பேனா பிடிக்க முடிவதால் எழுதுகிறேன். ஜெபத்துக்கு முன்னால் லைட் கட்டப் போனேன். ஊட்டிப் புல் தொப்பலாக நனைந்து கிடந்தது. வயரைத் தொட்டதுதான் தெரியும். மூவாயிரம் வோல்ட் என்று கணக்கிடுகிறேன். தென்னை உயரத்துக்குத் தூக்கி, அண்ணாச்சியின் கல்லறைமேல் மல்லாக்கப் போட்டது. ஒரு ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம்தான் கிடந்தேன் என்கிறாள் ஹெப்சிபா. யாருடைய ஜெபம் என்று சொல்ல வேண்டாமா? எங்கள் ஐயருடைய ஜெபம் என்றால் அரை மணி நேரம்.

ஊரே ஓடிவந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் காது வேலை செய்தது. முதலில் கேட்டது அண்ணாச்சியின் குரல்.

"கல்லு கீறியிருக்கா பாருங்கப்பா."

"ஆளப் பாருங்க அண்ணாச்சி" என்றாள் ஹெப்சிபா. நல்ல பிள்ளை.

"என்னத்தப் பாக்க? என் கல்லறையில எனக்கு முன்னாலயே படுத்துட்டாம்லா. இத இனி எப்படிக் கணக்குல எடுக்கது?"

கண்ணைத் திறந்தேன். சுற்றிலும் முகங்கள். லில்லிபுஷ்பமும் நின்றாள், கையில் மாவு காயாமல். அண்ணாச்சி குனிந்து, "எங்கவே போயிருந்தீரு?" என்று கேட்டார்.

"அந்தப் பக்கம்" என்றேன். வாயில் தானாக வந்தது.

கூட்டம் இன்னும் ஓரடி நெருங்கியது. மேலே என்னென்ன கண்டேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தங்கத்தெரு எல்லாம் எல்லோரும் சொல்வதுதான். யாரும் சொல்லாததை நான் சொன்னேன். அங்கே மைக்குக்கு வயர் கிடையாது. எத்தனை பேர் பாடினாலும் ஸ்பீக்கர் ஊளையிடுவது கிடையாது.

அண்ணாச்சிக்கு அதெல்லாம் ஏறவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "அப்பாவப் பாத்தீரா?"

"பாத்தேன்."

"எந்தப் பக்கம் இருக்காவ?"

நான் கல்லறைமேலேயே எழுந்து உட்கார்ந்தேன்.

"நல்ல பக்கந்தான் அண்ணாச்சி. ஆனா உள்ள உக்காரல. கையில ஒரு தம்ளரோட வாசல்ல நிக்காவ. இங்கேருந்து போற ஆளுவ எல்லாம் கேக்காங்களாம், என்ன சற்குணம், ஒம்ம பைப்புல தண்ணி வரலியே, நாக்கு வறண்டுல்லா வந்து சேந்தோம்னு. மனுசனுக்கு உள்ள போய் உக்கார வெக்கமா இருக்காம்."

அண்ணாச்சி கல்லறையின் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தார். ஜெபம் ஒத்திவைக்கப்பட்டது.

மே 18, ஞாயிறு

உடம்பு முடியாததால் ஆராதனைக்குப் போகவில்லை. ஆராதனை முடிந்து ஊர் என்னிடம் வந்தது. ஆளுக்கொரு கேள்வி. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் அருமைநாயகம், தன் சம்சாரத்துக்குக் கோபம் தணிந்துவிட்டதா என்று கேட்டார். பாதி தணிந்திருக்கிறது என்றேன். அது நல்ல முன்னேற்றம் என்று திருப்தியாகப் போனார். ஒருத்தி தன் அம்மாவுக்கு அங்கேயும் முழங்கால் வலிக்கிறதா என்றாள். ஓடுகிறாள் என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள். இத்தனை பேரைச் சந்தோஷப்படுத்துகிற தொழில் இருப்பது தெரியாமல் இவ்வளவு காலம் மைக் செட்டில் வீணாக்கிவிட்டேன்.

மே 19, திங்கள்

மதில் குழாயில் தண்ணீர் வருகிறது. விரல் தடிமன்தான். ஆனால் வருகிறது. லில்லிபுஷ்பம் அண்டாவை நிமிர்த்திவிட்டாள்.

மாலையில் அண்ணாச்சி வீடு தேடி வந்தார். பிஸ்கட் பாக்கெட்டோடு. என் வாழ்நாளில் அவர் கையிலிருந்து ஒன்று வருவதை இன்றுதான் பார்க்கிறேன்.

"வே மாசிலாமணி, ஒரு வெரல் தடிமன் விட்டிருக்கேன். அது போதுமா, இல்ல ரெண்டு வெரலா விடணுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அதான் கேக்கேன். இன்னொரு தடவ போயிட்டு வாரும்."

"எங்க?"

"அங்கதான். அப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துரும். வயரு, டாக்டரு, வண்டிச் செலவு எல்லாம் நான் பாத்துக்கிடுதேன். முடிஞ்சா காலையில மட்டும் தொறந்தாப் போதுமான்னும் கேளும்."

ஹெப்சிபா அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். உள்ளே பாத்திரம் விழுந்தது. சிரிப்பை அடக்குகிற சத்தம் எனக்குத் தெரியும்.

"அண்ணாச்சி, அங்க ரெண்டாந்தடவ போனா திருப்பி அனுப்ப மாட்டாவ" என்றேன்.

"அப்படியா சொல்லுதீரு." பிஸ்கட் பாக்கெட்டை என் பக்கம் தள்ளிவைத்தவர், திரும்பத் தன் பக்கம் இழுத்தார், மறுபடி தள்ளினார். "சரி. எதுக்கும் ரெண்டு வெரலாவே விட்டுருதேன். ஞாயித்துக்கிழம நீரு கோயில்ல சாட்சி சொல்லணும். எங்க அப்பா நல்ல பக்கந்தான் இருக்காவன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்."

மே 21, புதன்

ஐயர் கூப்பிட்டு அனுப்பினார். வேதத்தில் என்னோடு மோதுவதற்கு அவருக்கு ரொம்ப நாளாக ஆசை.

"உக்காரும்" என்றார். "அந்தப் பணக்காரன் தம்பிமாருக்குப் புத்தி சொல்ல லாசருவத் திருப்பி அனுப்பச் சொன்னதுக்கே முடியாதுன்னு மேல சொல்லிட்டாவ. ஒம்ம மட்டும் அனுப்பி வச்சாவளோ?"

"லாசருவுக்கு மைக் செட் வேல தெரியாது ஐயரே. எனக்கு இங்க வேல பாக்கி இருந்துச்சு."

"மரிச்சவன் எழும்பி வந்து சொன்னாலும் அந்த மாதிரி ஆளுக கேக்க மாட்டாங்கன்னுதான் அந்தப் பகுதியே முடியுது."

"தனபாலன் அண்ணாச்சி கேட்டுட்டாவளே."

ஐயர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அதுதான்வே எனக்குச் சங்கடம். நான் இந்த ஊருக்கு மாத்தலாகி வந்த நாள்லேருந்து கத்துதேன். ஒரு சொட்டு விழல. நீரு ஒரு பொய்யச் சொன்னீரு, பைப்பு தொறந்துட்டு. நான் இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பிரசங்கம் பண்ண?"

"பொய்யின்னு யாரு சொன்னா?"

"நான் ஒண்ணும் சொல்லல. அண்ணாச்சி சாட்சிக்கு நேரம் கேட்டாவ, குடுத்திருக்கேன். பீடத்துக்கு முன்னால நின்னு சொல்லப்போறது நீரு. அத மட்டும் யோசிச்சுக்கிடும்."

வாதத்தில் நான்தான் ஜெயித்தேன். ஆனால் வீட்டுக்கு வருகிற வழி கொஞ்சம் நீளமாக இருந்தது.

மே 22, வியாழன்

லில்லிபுஷ்பம் வந்தாள். எழுத ஒன்றுமில்லை.

மே 23, வெள்ளி

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் டைரி முழுமையாக இருக்காது. வேறு காரணம் இல்லை.

தூக்குச்சட்டியில் இட்லி கொண்டுவந்திருந்தாள். நல்ல தண்ணீரில் ஆட்டின மாவு. மூடியைத் திறந்தாலே பூ மாதிரி ஆவி. தூக்கை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். என் கதையைக் கேட்க இத்தனை நாளும் வராதவள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரரப் பாத்தீங்களா?"

நான் வாயைத் திறந்தேன்.

"குடிச்சாரு" என்றாள். "எல்லாருக்கும் தெரியும். அடிச்சாருன்னும் வச்சுக்கிடுங்க. ஆனா சாப்பாட்டு நேரத்துல வாசலுக்கு வந்த ஒருத்தர வெறும் வயிறா அனுப்புனதில்ல. அவருக்குன்னு வச்சிருக்கறத எடுத்துக் குடுத்துருவாரு. எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அருமைநாயகம் வாத்தியாருக்குச் சொன்ன வாய்தான். முழங்கால் வலிக்காரிக்குச் சொன்ன வாய்தான். நல்ல பக்கம் என்று இரண்டு வார்த்தை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் எதைச் சொன்னாலும் அதைச் சாகிறவரைக்கும் வைத்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது.

"கூட்டம் அதிகமா இருந்துச்சு. கவனிக்கல" என்றேன்.

"கொஞ்சம் கவனிச்சுப் பாத்துட்டு வந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கோபமாகச் சொல்லவில்லை.

இட்லியை ஹெப்சிபாவுக்குக் கொடுத்துவிட்டேன். அவள் என் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, அம்மாவுக்குப் போன் போட்டாள். "அம்மா, மாமா லில்லியக்கா இட்லிய வேண்டாம்னு சொல்லுதாங்க. கரண்ட் அடிச்சது உள்ள எங்கயோ பட்டுட்டு."

மே 24, சனி

நாளைக்கு உண்மையைச் சொன்னால் குழாய் மூடும். குழாய் மூடினால் திருப்பூர். சொல்லாவிட்டால் அவள் இங்கேயே இருப்பாள், என்னை ஒவ்வொரு நாளும் அப்படிப் பார்த்துக்கொண்டு.

மைக்கைத் துடைத்தேன். இரண்டு தடவை.

மே 25, ஞாயிறு

நான் பேசின பேச்சைப் போல இந்தச் சபை கட்டின நாளிலிருந்து ஒருவரும் பேசியதில்லை.

ஐயர் பெயரைச் சொன்னார். போய் நின்றேன். ஹலோ, ஹலோ என்றேன், பழக்க தோஷம். முதல் பெஞ்சில் தனபாலன் அண்ணாச்சி புதுச்சட்டையில். மூன்றாவது பெஞ்சில் லில்லிபுஷ்பம்.

"நான் ஒருத்தரையும் பாக்கல" என்றேன். "கண்ண மூடினேன், தொறந்தேன். நடுவுல ஒண்ணும் இல்ல. தங்கத்தெருவப் பாக்கல. சற்குணம் பெரியவரப் பாக்கல. வாத்தியாரே, ஒம்ம வீட்டம்மாவயும் பாக்கல. எல்லாம் நான் கட்டுனது. அங்க யாரு எந்தப் பக்கம் இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியாமலே தெரிஞ்ச மாதிரி சொன்னதுக்கு எல்லாரும் மன்னிச்சுக்கிடுங்க. இங்க யாருக்குத் தண்ணி இல்லங்கது மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

சபை முழுவதும் தேம்பி அழுதது. அருமைநாயகம் வாத்தியார் சிரித்ததைத்தான் பார்த்தேன் என்கிறாள் ஹெப்சிபா. "அவளாவது கோவம் தணியறதாவது" என்றாராம்.

லில்லிபுஷ்பம் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். வியாழக்கிழமை பார்த்த மாதிரி இல்லை.

தனபாலன் அண்ணாச்சி எழுந்தார். நடுவழியாக நடந்து வெளியே போனார். எங்கே போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். ஐயர் கடைசிப் பாட்டை ஒரு சரணத்தோடு நிறுத்தி, ஆசீர்வாதத்தை ஓட்டமாகச் சொல்லி, அங்கியைக்கூடக் கழற்றாமல் முன்னால் ஓடினார். சபை பின்னால் ஓடியது.

நாங்கள் போனபோது அண்ணாச்சி மதிலோரம் குனிந்து, குழாய்க்குத் தண்ணீர் போகிற வால்வில் கை வைத்திருந்தார். திருகவில்லை. காரணம், குழாயடியில் ஒருத்தி நின்றாள். எங்கள் சபை ஆள் இல்லை. தேரிப் பக்கம் ஆடு மேய்க்கிற பொம்பளை. இரண்டு கையிலும் ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தாள். கீழே வடிகிற தண்ணீரை ஆடுகள் குடித்தன. குடித்து முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு அண்ணாச்சியைப் பார்த்தாள்.

"நீ சற்குணத்தையா மவன்லா?"

"ஆமா."

"மூஞ்சி அப்படியே இருக்கு. அவரு இருக்கும்போதும் இங்கதான் குடிச்சிட்டுப் போவேன். நடுவுல கொஞ்ச நாளா மூடிக் கெடந்துச்சே, ஏன்?"

அண்ணாச்சி எங்களைத் திரும்பிப் பார்த்தார். ஐயர், நான், ஊர் முழுக்க அவர் முதுகுக்குப் பின்னால் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தோம்.

"ரிப்பேரு" என்றார்.

"சரியாயிட்டா?"

கை இன்னும் வால்வின்மேல்தான் இருந்தது. அவள் ஈர முகத்தோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆடு அவர் புதுவேட்டியை முகர்ந்தது.

"சரியாயிட்டு" என்றார் அண்ணாச்சி. கையை எடுத்துவிட்டார்.

"நல்லா இரு" என்று சொல்லிவிட்டு அவள் ஆடுகளைப் பத்திக்கொண்டு போனாள். அண்ணாச்சி அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. உயிரோடு இருக்கும்போது அந்த வார்த்தையைச் சும்மா ஒருவர் சொல்லி அவர் கேட்டதில்லை என்று நினைக்கிறேன்.

ஐயர் மூச்சிரைக்க என் தோளைப் பிடித்துக்கொண்டார். "அவ ஒரு கேள்வி கேட்டா வே. ஒரே ஒரு கேள்வி" என்றார். "நான் அதக் கேக்கவேயில்ல பாத்தீரா?"

கூட்டம் கலைந்தபின் அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீரு பொய் சொல்லுதீருன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்வே. எங்க அப்பா தம்ளர்ல குடிக்கவே மாட்டாவ. கையேந்தித்தான் குடிப்பாவ. நீரு தம்ளர்னு சொன்னதுமே கண்டுபிடிச்சிட்டேன்."

"அப்பறம் எதுக்கு இன்னொரு தடவ போயிட்டு வரச் சொன்னிய?"

"சும்மா, ஒம்மச் சோதிச்சுப் பாத்தேன்."

எல்லாம் நடந்து முடிந்தபின் எனக்கு முன்பே தெரியும் என்று சொல்கிற ஆட்களைக் கண்டாலே எனக்குப் பிடிப்பதில்லை.

மே 29, வியாழன்

ஊட்டிப் புல் மஞ்சளாகிவிட்டது. அண்ணாச்சி போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். அசனத்தை இந்த வருடமே போட்டுவிடலாமா என்று ஐயரிடம் கேட்டிருக்கிறார். யார் நினைவாக என்று பேனரில் எழுதுவது என்பதுதான் பிரச்சினையாம். மைக் செட் நான்தான்.

ஜூன் 1, ஞாயிறு

லில்லிபுஷ்பம் திருப்பூர் போகவில்லை. காலையில் கடையில் உட்கார இடம் இல்லை. நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

"செல்வின் எந்தப் பக்கம்னு தெரியலன்னு சொன்னீங்கள்லா" என்றாள், சட்னி ஊற்றிக்கொண்டே. "அது நல்லாருந்துச்சு அண்ணாச்சி. இப்பம் நானே நல்ல பக்கம்னு வச்சுக்கிடலாம்." அண்ணாச்சி என்றுதான் இன்னும் கூப்பிடுகிறாள். ஊரில் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். அதில் ஒன்றுமில்லை.

இந்த டைரியில் எழுதியது அத்தனையும் சத்தியம். ஒன்றைத் தவிர. பிற்காலத்துப் பெரியவர்கள் என்னை நம்பிப் படிக்கிறபடியால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு எனக்குக் கரண்ட் அடிக்கவில்லை. அடிக்க முடியாது. மதியத்திலிருந்தே ஊரில் கரண்ட் இல்லை. வீட்டுக்குள் இருக்க முடியாமல் எல்லோரும் தெருவில் நின்றதால்தான் அத்தனை பேர் அத்தனை சீக்கிரம் ஓடிவந்தார்கள். எம்.எஸ்ஸி. படித்தவள் உட்பட ஒருவருக்கும் இது தோன்றவில்லை. பீடத்துக்கு முன்னால் நின்றபோதும் நான் கரண்ட் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, கவனித்தவர்கள் கவனித்திருப்பார்கள்.

மொபெட் இல்லை. லில்லிபுஷ்பம் அண்டாவைக் கவிழ்த்துவிட்டாள். கல்லறைப் புல்லுக்கு அண்ணாச்சி வீட்டு மேல்தொட்டியிலிருந்து தண்ணீர் தானாக வந்துகொண்டிருந்தது. ஆள் வருவதற்குள் ஒரு குடம் பிடித்துக்கொண்டு போய்விடலாம் என்று ஹோஸைக் கழற்றினேன். நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துத் திரும்பும்போது புல்லில் வழுக்கி, கல்லறைமேல் விழுந்தேன். சத்தம் கேட்டு ஆட்கள் வருவது தெரிந்ததும் பக்கத்தில் கிடந்த வயரைக் கையில் பிடித்துக்கொண்டேன்.

குடம் உருண்டு வேறொருவர் கல்லறைக்குப் பின்னால் போய் நின்றது. மறுநாள் போய் எடுத்தேன். பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது.